வேலைக்குப் போயிருந்த மியூசியம்

அப்பா விட்டுப்போனவை மூன்று. வீடு தம்பிக்கு, மூக்கு எனக்கு. மூன்றாவது ஓர் ஆர்மோனியம். அதை நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.

மலேசியாவில், கிள்ளானில் நான் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஒரு நாற்காலி கூடுதலாக வாங்கினால் ஒரு விருந்தாளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தம்பி ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். "யாருக்காச்சும் குடுத்துடு லா, அக்கா," என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டான். அந்த யாருக்காச்சும் யார் என்பதை மட்டும் அப்பா முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். கிரிவலம் போய்வந்த கோயில் நண்பர் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார்: திருவண்ணாமலையில் ஒரு வெள்ளைக்காரம்மா வாத்தியங்களுக்கு மியூசியம் வைத்திருக்கிறார், எதையும் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. அன்றிலிருந்து, "நான் போனப்புறம் இத அங்க கொண்டுபோய்க் குடுத்துடு, தேவி," என்பதே பேச்சாகிவிட்டது. அம்மா போகும்போது அம்மாவைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பேசவில்லை.

அப்பா தோட்டத்து அலுவலகத்தில் குமாஸ்தா. சனி, ஞாயிறுகளில் நாடகம், பஜனை, கல்யாணம் என்று எங்கே கூப்பிட்டாலும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பன்னிரண்டு வயதில் எனக்கும் சொல்லிக்கொடுக்க முயன்றார். விரல் தப்பினால் ஸ்கேல் விரலைத் தேடி வரும். ஒருநாள் எழுந்து போனவள்தான், பிறகு அந்தப் பெட்டியைத் தூசி தட்டக்கூடத் தொடவில்லை. அவர் இறந்தபோது மின்மயானத்தில் எங்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் காப்பி பாக்கெட் எண்ணிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கையெழுத்து வாங்கியே பழகியவள், அன்றும் நிறையக் கையெழுத்து வாங்கினேன்.

ஆகவே பன்னிரண்டு கிலோ பெட்டியோடு, ஆடி மாதத் திங்கட்கிழமைக் காலையில், வலது முட்டியில் கட்டோடு திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் வந்து நின்றேன். மலை எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டிக்கொண்டு வெறுங்காலில் நடந்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் ஜீன்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு அவர்களை இடிக்காமல் பைக் ஓட்டினார்கள். நான் இரண்டு கூட்டத்திலும் சேரவில்லை.

ஆட்டோக்காரர் சேட்டு பெட்டியைப் பார்த்ததும், "சாமி சிலையாம்மா?" என்றார்.

"இல்ல, ஆர்மோனியம்."

"அப்ப மாரிம்மா வூடுதான். ஏறுங்க."

நான் முகவரியே சொல்லவில்லை. கிள்ளானில் டாக்சிக்காரரிடம் முகவரி, பக்கத்துக் கட்டடம், எதிர்க்கடை எல்லாம் சொன்னாலும் அடுத்த தெருவில் இறக்கிவிடுவார். இங்கே பொருளைச் சொன்னாலே போதும் போலிருக்கிறது.

மாரிம்மாவின் நிஜப் பெயர் மார்கிட். ஊர் ஹங்கேரி. தெருவில் யாரும் அந்த ட்-டோடு மல்லுக்கட்டத் தயாராக இல்லை. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவின் கடைசியில் பழைய மல்லாட்டைக் குடோன். நிலக்கடலையை இங்கே மல்லாட்டை என்கிறார்கள். வாசலுக்கு வெளியே வரை ரொட்டி வாசனை அடித்தது. மியூசியத்தில் ரொட்டி வாசனை வரலாமா என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

எழுபதைத் தாண்டிய, உயரமான, முழங்கை வரை மாவு படிந்த ஒரு பெண்மணி, நூல் புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். "இன்னா, ஜாஸ்தி கனமா? கீழ வை, கீழ வை. சேட்டு, நீயும் ஒரு கை புடி, சும்மா நிக்கிற," என்றார். நான் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்த ஆங்கில வாக்கியங்கள் அத்தனையும் வாயிலேயே கரைந்துபோயின. அவர் தமிழுக்கு முன்னால் என் மலேசியத் தமிழ்தான் வெளிநாட்டுத் தமிழாகத் தெரிந்தது.

சுற்றிப் பார்த்தேன். சுவர் முழுக்க இரும்புக் கொக்கிகள், வரிசையாக, அறுபதாவது இருக்கும். எல்லாம் காலி. ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு காகிதச் சீட்டு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அறை முழுக்க மூன்றே மூன்று பொருள்கள்: தோல் கிழிந்த ஒரு மிருதங்கம், அவர் ஊரிலிருந்து வந்த ஓர் அக்கார்டியன், கயிற்றில் தொங்கும் ஒரு வெண்கலத் தட்டு.

"திருட்டுப் போயிடுச்சா?" என்றேன்.

"வேலைக்குப் போயிருக்கு," என்றார் மார்கிட். "ஆடி மாசம் இல்ல?"

ஒரு சீட்டைப் பிடித்துப் படித்தேன். "பம்பை. ஏழுமலை. ஆடி முடிஞ்சதும்." அடுத்ததில் உடுக்கை, அதற்கடுத்து சிலம்பு. ஊர் ஊராக மாரியம்மன் கோயில்களில் திருவிழா. எல்லா வாத்தியமும் வெளியூரில். விமானம், ரயில், பேருந்து என்று மாறி மாறி வந்து நான் பார்த்த மியூசியத்தில் இருந்ததெல்லாம் ஆணி.

ஆர்மோனியத்தைத் திறந்து துருத்தியை அழுத்தினார். அது இரண்டு தடவை இருமிவிட்டுச் சத்தம் கொடுத்தது. ஒரு கட்டை மேலே வரவில்லை. "பாடுது. அது போதும். ஊமைய நான் வாங்கறதில்ல. யாருது?"

"அப்பாவோடது. கோவிந்தசாமி. நாலு மாசம் ஆகுது இறந்து."

"நல்லா வாசிப்பாரா?"

"அவரு அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தாரு."

மார்கிட் சிரிக்கவில்லை. அட்டையில் கொட்டை எழுத்தில் "கிள்ளான் கோவிந்தசாமி" என்று எழுதிப் பெட்டிமேல் ஒட்டினார். என் வேலை முடிந்துவிட்டது. மறுநாளே கிளம்பியிருக்கலாம். அந்த நேரம் பார்த்துச் சூடான ரொட்டியைக் கிழித்துக் கத்தரிக்காய் சாம்பாரில் போட்டுக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்காக நான் யாரோடும் சண்டை போடுவேன், அன்று போடவில்லை.

மாவு பிசைந்துகொண்டே தன் கதையைச் சொன்னார். சொந்த ஊரில் டிராம் வண்டியில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். முப்பது வயதில் ஒரு தோழியோடு பதினைந்து நாள் தியானம் செய்யத் திருவண்ணாமலைக்கு வந்தார். தோழி கண்ணை மூடிய உடனே பேரமைதிக்குப் போய்விட்டாள். இவருக்குக் கால்தான் மரத்துப்போனது. நான்காம் நாள் ஆசிரமத்துக்கு வெளியே ஒரு சாவு ஊர்வலம் போனது. மேளச் சத்தம் கேட்டு இவர் முழங்காலில் தாளம் போட, பக்கத்தில் தியானத்தில் இருந்தவர் கண்ணைத் திறந்து, வெளியே போய்ப் போடச் சொன்னார். வெளியே போனார். ஊர்வலத்தின் பின்னாலேயே சுடுகாடு வரைக்கும் போனார். தோழி ஊருக்குத் திரும்பினாள், இவர் திரும்பவில்லை.

"எனுக்கு அமைதி ஒத்துக்கல," என்றார். "ஊர்ல அது நெறைய இருந்திச்சு."

ஆசிரமங்களுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரொட்டி சுட்டு விற்றுப் பிழைத்தார். ஒருநாள் பழைய இரும்புக் கடையில் அந்த வெண்கலத் தட்டைப் பார்த்தார். தட்டினால் நாதம் நெடுநேரம் நின்றது. வாங்கிவந்து வாசலில் தொங்கவிட்டு, சாயங்காலம் டீ போட்டதும், டீ குடிக்கத் தனக்குத் தானே மணியடித்துக்கொள்வதுபோல, மெதுவாக, விட்டு விட்டு, அடித்தார்.

அது சேகண்டி. அதை வீட்டு வாசலில் அப்படி அடித்தால் ஒரே அர்த்தம்தான்: அந்த வீட்டில் சாவு.

பத்து நிமிடத்தில் தெருவே வாசலில் நின்றது. ஒருவர் மூங்கிலோடு வந்துவிட்டார். "அந்த வெள்ளக்காரப் பொண்ணு பூட்ச்சாம், பாவம், யாரும் இல்லாத பொணம்" என்று பேசிக்கொண்டு வந்தவர்களுக்கு, செத்த பெண் கையில் டீ கிளாஸோடு கதவைத் திறந்தாள். எதிரே பூக்கடை வைத்திருக்கும் கண்ணியம்மா, அப்போது கல்யாணமாகி வந்த புதிது, மயங்கியே விழுந்துவிட்டாராம்.

"அன்னிக்கிதான் புரிஞ்சிது," என்றார் மார்கிட். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேல இருக்குது. வேல தெரியாம எட்த்து மாட்டக் கூடாது."

அதற்குப் பிறகு இரும்புக் கடைக்கு எடைக்கு வந்த வாத்தியங்களை ஒவ்வொன்றாக வாங்கி, எங்கே, எதற்கு, யார் அடிப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு மாட்டினார். ஒரு வருடம் கழித்து ஒருவர் வந்து, இது எங்க வீட்டுப் பம்பை, அண்ணன் குடித்துவிட்டு விற்றுவிட்டான், நாளைக்குத் திருவிழா, ஒரே ஒரு நாள் கொடுங்கள் என்று நின்றார். கொடுத்தார். திரும்பி வந்தது, மஞ்சளும் குங்குமமுமாக, கூடவே ஒரு தூக்குப் பொங்கல். அன்றிலிருந்து அதுதான் மியூசியத்தின் சட்டம்: கேட்டால் கொடுப்பது, கொடுத்தால் திருப்பிக் கேட்காமல் இருப்பது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது ரொட்டிக்குக் கை நீட்டியபோதுதான் புதன்கிழமை விஷயத்தைச் சொன்னார். குடியுரிமை கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். இங்கே என்ன செய்கிறீர்கள் என்ற இடத்தில் "வாத்திய மியூசியம் நடத்துகிறேன்" என்று எழுதியிருக்கிறார். அதை நேரில் பார்த்து எழுத, வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி புதன்கிழமை பதினோரு மணிக்கு வருகிறார்.

நான் கொக்கிகளைப் பார்த்தேன். மார்கிட்டும் பார்த்தார்.

"இத்தினி வருஷமா விருந்தாளி, விருந்தாளினே எழுதிக் குடுத்துகினு இருக்கேன். எனுக்கு அங்க யாரு இருக்கா? நான் டிக்கெட் குடுத்த அந்த டிராமே இப்ப இல்லியாம். வேணாம், போன்னு சொல்லிட்டா எங்க போவேன் சொல்லு?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் மாவைத் தேவைக்கு மேல் குத்திக்கொண்டிருந்தது.

எனக்குள் இருந்த பள்ளிக்கூடக் குமாஸ்தா விழித்துக்கொண்டாள். ஆய்வுக்கு முதல்நாள் பக்கத்துப் பள்ளியிலிருந்து புத்தகம் கடன் வாங்கி நூலகத்தை நிரப்பியவள் நான். "ஒரு நாளைக்குத் திரும்ப வாங்கி மாட்டிட்டா போச்சு," என்றேன். கேட்கக் கூடாது என்றார் மார்கிட். நான் கேட்கிறேன் என்றேன். என்னைத் தடுக்க முடியாது என்பது அப்பாவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கீழ்பென்னாத்தூர் பேருந்தில் ஏறினேன். ஏழுமலையின் பம்பை அங்கிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் இருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் நான் டிக்கெட் வாங்கிய தமிழைக் கேட்டுவிட்டு, என்னைப் பற்றி என் எதிரிலேயே பேச ஆரம்பித்தார்கள்.

"சிலோன்காரம்மா போல."

"இல்ல, அவங்க வேற மாரி பேசுவாங்க. இது டிவில வராப்ல இருக்குது."

"மலேசியா," என்றேன்.

"அங்க தமிழ் பேசுவாங்களா?" என்று ஆச்சரியப்பட்டார் ஒருவர். மற்றவர், "அதான் பேசுதே," என்றார். பிறகு என் முட்டிக்கு என்ன எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று இறங்கும்வரை இருவரும் விவாதித்தார்கள். விவாதத்தின் சூட்டில் என் நிறுத்தம் தாண்டிவிட்டது. நடத்துநர் என்னை இறக்கிவிட்டு, நான் தப்பாக ஏறியதுபோலத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு ஷேர் ஆட்டோவில், இரண்டு பக்கமும் நெல்லும் மல்லாட்டையும், நடுவில் எட்டுப் பேரும் ஓர் ஆட்டுக்குட்டியுமாகத் திரும்பி வந்து சேர்ந்தேன்.

வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கி, கூழ். ஏழுமலை நாற்பது வயதுக்காரர். மற்ற நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஆடியில் பம்பை. இடுப்பில் இரட்டை மேளம் தொங்க, என் கையில் முதலில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழைத் திணித்துவிட்டு, பிறகுதான் யார் நீ என்று கேட்டார். கூழும் கருவாட்டுக் குழம்பும் வயிற்றுக்குள் போனதும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"மாரிம்மாவுக்கு உசுரே குடுப்பேங்க. இத குடுக்க முடியாது," என்றார். மணிக்கட்டைக் காட்டினார், மஞ்சள் கயிறு. பம்பையைத் திருப்பிக் காட்டினார். அதன் வயிற்றிலும் அதே கயிறு. "காப்பு கட்டியாச்சுங்க. அவுக்கற வரிக்கும் நானும் ஊரு எல்லைய தாண்டக் கூடாது, இதுவும் தாண்டக் கூடாது. அடுத்த செவ்வாக்கெழமதான்."

"மேளத்துக்குமா காப்பு?"

"அதானேங்க சாமிய கூப்புடுது?"

மற்ற ஊர்களிலும் இதே கதைதான் என்றார். மேளத்துக்கு விடுப்பு எழுதிக்கொடுக்க நான் கடிதம் தயாரிக்க முடியாது. எழுந்தபோது அவர் அடிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணிக்குச் சாமி வந்தது. பள்ளியில் சத்துணவு சமைப்பவராம். கூட்டம் விலக, நேராக என் முன்னால் வந்து நின்று, "கடலத் தாண்டி வந்தவளே! கண்ணுல தண்ணியில்லாம வந்துட்டியேடி!" என்றார்.

கண்ணில் தண்ணீர் கம்மி என்று கிள்ளான் கண் டாக்டரும் சொல்லியிருக்கிறார். தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து போடுகிறேன். அதைச் சாமியிடம் விளக்க மேளச் சத்தம் இடம் கொடுக்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறு வாங்கிக்கொண்டு, வெறுங்கையோடு, அடுத்த நிறுத்தத்தில் சரியாக இறங்க வேண்டுமே என்ற பயத்தோடு ஊருக்குத் திரும்பினேன்.

மார்கிட் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "கூழு நல்லா இருந்திச்சா?" என்றார். அவருக்கு முதலிலேயே தெரியும். என்னை ஏன் தடுக்கவில்லை என்று கோபப்பட்டேன். "நீ கேக்கற ஆளா?" என்றார். அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண். ஸ்கூட்டி, ஹெல்மெட், கையில் ஒரு ஃபைல், வெயிலில் வந்த களைப்பு. ரொட்டி வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். பேனாவைத் திறந்துகொண்டு நிமிர்ந்து சுவரைப் பார்த்தவர், மூடியைத் திரும்பப் போட்டார்.

"பொருளெல்லாம் எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்கு, மேடம்."

"எப்ப வரும்?"

"ஆடி முடிஞ்சதும்."

அதிகாரி ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே நடந்தார். நல்ல மனுஷிதான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவர்கள் கத்துவார்கள், பதில் கத்தலாம். நான் சும்மா இருந்திருக்கலாம். மேளத்துக்குக் காப்பு கட்டியிருக்கிறார்கள், கருவாட்டுக் குழம்பு, சாமி என்னைப் பார்த்துச் சொன்னது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"மலேசியா. ஆர்மோனியம் குடுக்க வந்தேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "நான் பாத்தத்தானேம்மா எழுத முடியும்? மியூசியம்னு போட்டிருக்கீங்க. எனக்கு இங்க கொக்கிதான் தெரியுது." மார்கிட் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "சரி, அடுத்தது. அக்கம்பக்கத்துல உங்கள தெரிஞ்சவங்க ரெண்டு பேரு சொல்லணும். கூப்பிடுங்க, எழுதிக்கறேன்."

"ரெண்டு பேரு போதுமா, மேடம்?"

"போதும்."

மார்கிட் சேட்டுவுக்குப் போன் போட்டார், அவர் எடுக்கவில்லை. நான் போய்க் கூப்பிடுகிறேன் என்று எழுந்தேன். "ஒக்காரு. உன் முட்டிக்கு ஆவாது," என்றார். பிறகு அந்தச் சேகண்டியைக் கயிற்றோடு கழற்றி எடுத்தார். வாசலுக்குப் போனார். மரச் சுத்தியைத் தூக்கினார். எனக்குப் புரிவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது.

அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. அவர் இந்தப் பக்கத்துக்காரர். "ஐயோ, இன்னாம்மா பண்றீங்க! ஊடு இது!" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மார்கிட் நிறுத்தவில்லை. மெதுவாக, விட்டு விட்டு, ஒவ்வொரு அடியின் நாதமும் முழுதாக அடங்கிய பிறகு அடுத்தது. ஏழோ எட்டோ அடித்திருப்பார். அடித்துவிட்டு உள்ளே வந்து, அக்கார்டியன் பக்கத்தில் நல்ல பிள்ளைபோல நின்றுகொண்டார்.

முதலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு சேட்டுவின் ஹாரன், அதன் பின்னால் இன்னும் நாலைந்து ஆட்டோ. யாரோ, "அடுப்ப அணை, அடுப்ப அணை" என்று டீக்கடையைப் பார்த்துக் கத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல்: "யம்மா! என் தாயே! என்ன உட்டுட்டுப் பூட்டியே!" பூக்கடைக் கண்ணியம்மா, கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு, தோளில் ஆள் உயர ரோஜா மாலையோடு, மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் பின்னால் துணி தேய்க்கிறவர், டீக்கடைக்காரர், மாவு மில்காரர். பந்தல் போடுகிறவர் காதில் போனோடு, "நாப்பது சேரு, ஐஸ் பெட்டி ஒண்ணு," என்று சொல்லிக்கொண்டே நுழைந்தார். சேட்டு வாசல்படியில் அப்படியே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கண்ணியம்மா பிணத்தைத் தேடினார். பிணம் அக்கார்டியன் பக்கத்தில் நின்றுகொண்டு, "ரெண்டு பேரு போதும்னாங்க," என்றது.

அப்புறம் நடந்ததை நான் முழுக்க எழுத முடியாது. அந்த வசவுகளில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதி அச்சேறாது. கண்ணியம்மா மார்கிட்டின் தோளில், முதுகில், கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் அடித்தார். "ஒரு வாட்டி பத்தாதா உனுக்கு? ஒரு வாட்டி மயக்கம் போட்டு வுந்தனே, பத்தாதா? இந்த வயசுல நான் வுந்தா யாருடி தூக்குவா?" அடித்துக்கொண்டே கட்டிப்பிடித்தார், கட்டிப்பிடித்துக்கொண்டே அடித்தார். சேட்டு எழுந்து வந்து, "இனிமே உன் வூட்டுப் பக்கமே வண்டி திருப்ப மாட்டேன்," என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். பந்தல்காரர் போனில், "வேணாம், வேணாம், இருக்குது, உயிரோடதான் இருக்குது," என்று கத்திக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நடுவில் நின்றார். ஓய்ந்தபோது மெதுவாகக் கேட்டார்: "இவங்கள உங்களுக்குத் தெரியுங்களா?"

கண்ணியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியுமாவா? நீ யாரும்மா?"

இரண்டு பேருக்கு இடமிருந்த தாளில் பத்தொன்பது கையெழுத்து விழுந்தது. ஓரத்திலும் பின்பக்கமும் போட்டார்கள். கையெழுத்துப் போட விடாவிட்டால் கோபித்துக்கொள்வேன் என்றார் மாவு மில்காரர். எதிரில் இருப்பவர் எழுதுவதைத் தலைகீழாகப் படிப்பது குமாஸ்தாவின் கலை. பொருள்கள் என்ற இடத்தில் அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதியதைப் படித்தேன்: "பொருள்கள் பயன்பாட்டில் உள்ளன. மியூசியம் இயங்குகிறது."

எல்லோரும் கலைய இருந்தார்கள். கண்ணியம்மாவின் கையில் மாலை மட்டும் மிச்சம். "சாவுக்குனு எட்த்தது. திரும்பக் கடைக்கு எட்த்துனு போவ மாட்டேன்," என்றார். வாத்தியத்தின் மேல் போடலாமா, கோயிலுக்குக் கொடுக்கலாமா, கூடவே கூடாது என்று பேச்சு நடந்தது. மார்கிட் என்னைப் பார்த்தார். பிறகு மாலையை வாங்கி, மூலையில் இருந்த ஆர்மோனியத்தின் மேல், "கிள்ளான் கோவிந்தசாமி" என்ற அட்டை தெரியும்படி போட்டார்.

"இவரு பூட்டாரு. நாலு மாசம் ஆவுது," என்று கண்ணியம்மாவிடம் சொன்னார். "இந்தம்மாவோட அப்பா."

கண்ணியம்மா ஆர்மோனியத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "கேட்டியா, ஒப்பாரி பாதிலேயே நின்னுபோச்சு. நெஞ்சு அடைக்குது எனுக்கு," என்றார். "உங்கப்பாவுக்கு இன்னா புடிக்கும், சொல்லு."

"வாசிக்கறது," என்றேன்.

"அப்புறம்?"

யோசித்தேன். "மீன் தலை. தலைய எப்பவும் எனக்குத்தான் வெப்பாரு."

அதைக் கேட்டதும் கண்ணியம்மா ஆரம்பித்தார். மார்கிட்டுக்காகக் கொண்டுவந்து பாதியில் நின்ற ஒப்பாரியின் மீதியை, முகம் தெரியாத என் அப்பாவுக்குப் பாடினார். கடல் தாண்டிப் போனவரே, பெட்டியாய்த் திரும்பி வந்தவரே, மீன் தலையை மகளுக்கு வைத்துவிட்டுப் போனவரே என்று. துணி தேய்க்கிறவரும் டீக்கடைக்காரரும் கலையாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரிகூட ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அழுதேன். பன்னிரண்டு வயதுக்கும் சேர்த்து அழுதேன். அப்பா, உன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த ஸ்கேலுக்கு இல்லை, சனி, ஞாயிறுகளில் நீ வீட்டில் இல்லாததற்குத்தான். சொட்டு மருந்து அன்று தேவைப்படவில்லை.

முடிந்ததும் அதிகாரி எழுந்தார். ஃபைலை எடுத்தார். மார்கிட்டைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. வாசல் குழாயில் காலைக் கழுவினார், ஸ்கூட்டியை எடுத்தார், போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாசல் வரை போய் எட்டிப் பார்த்தேன். "கோபமா போறாங்க. அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுடுவாங்க," என்றேன்.

கண்ணியம்மா தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சாவு வூட்ல இருந்து யாருனா சொல்லிகினு போவாங்களா? அந்தப் பொண்ணுக்கு மொற தெரியுது."

மறுநாள் காலை நான் கிளம்பியபோது அப்பாவின் ஆர்மோனியத்தில் மேலே வராத அந்தக் கட்டையைச் சரிசெய்ய யாரையோ வரச்சொல்லியிருந்தார் மார்கிட். புரட்டாசியில் ஒரு பஜனைக்குக் கேட்டிருக்கிறார்களாம். சேட்டு, இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொன்ன அதே சேட்டு, ஏழு மணிக்கே ஹாரன் அடித்தார். நான் ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் இறங்கினேன்.

மார்கிட் கையில் மாவோடு ஓடிவந்தார். "ஏய், அது நேத்து," என்றார். "இன்னிக்கி சொல்லிட்டுப் போ."

திரும்பி நின்று, அவரையும் மாலை போட்ட பெட்டியையும் பார்த்து, "போய்ட்டு வரேன்," என்றேன்.